முடிச்சு உள்ள பிளாஸ்டிக், முடிச்சு இல்லாத பிளாஸ்டிக்

திருப்பூருக்கு வெளியே ஒரு பழைய பிளாஸ்டிக் கிடங்கில் நீளமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அரைத்த பாட்டில் துண்டுகளை மூட்டை மூட்டையாக அதில் கொட்டுகிறார்கள். கொட்டிய சில நொடிகளில் எல்லாம் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பாட்டிலின் உடம்பு அடியில் போய்ப் படிகிறது. மூடியும், மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் வளையமும் நீலமும் வெள்ளையுமாக மேலே மிதக்கின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் அரைக்கும் முன்பே ரகம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம், "எப்படிக்கா இவ்வளவு வேகமாப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கசக்குனாத் தெரிஞ்சுருமுங்க தம்பி. சடசடன்னு சத்தம் வந்தா ஒரு ரகம், சத்தமில்லாம மடங்குனா வேற ரகம். ரெண்டையும் கலந்து போட்டா மூட்டையே விலை போகாதுங்க" என்றார், கையை நிறுத்தாமல்.

அக்காவின் காதும் தொட்டித் தண்ணீரும் கண்டுபிடிக்கிற வேறுபாடு சிறியதல்ல. தண்ணீரின் அடர்த்தி 1. பாட்டில் செய்யப்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.38, தண்ணீரைவிடக் கனம். மூடி செய்யப்படும் பாலியெத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் 1-க்குக் கீழே. வீட்டில் ஒரு பாட்டிலையும் அதன் மூடியையும் வெட்டி ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டாலே இதைப் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேறுபாடு மூலக்கூறுக்குள் இருக்கிறது. பாட்டில் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியில் சீரான இடைவெளியில் முடிச்சுகள் உண்டு. மூடி பிளாஸ்டிக்கில் முடிச்சே கிடையாது. (மூழ்குவதெல்லாம் முடிச்சுள்ளது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பி.வி.சி.யும் மூழ்கும். அதன் தொல்லை தனிக்கதை, பின்னால் வருகிறது.)

குப்பை பிளாஸ்டிக்கை வேதியியல் முறையில் உடைத்து, புதிய, விலைமதிப்புள்ள பொருளாக மாற்றப்போகிறோம் என்று உலகம் முழுக்க நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முடிச்சைப் பற்றித்தான். முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்தத் திட்டம் நிற்கும், எது விளம்பரத்தோடு நிற்கும் என்பதைப் பாதிக்கு மேல் கணித்துவிடலாம்.

உருக்குவதன் எல்லை

இன்று நடக்கும் மறுசுழற்சியில் பெரும்பகுதி கழுவுவது, அரைப்பது, உருக்குவது, குருணையாக்கி விற்பது, அவ்வளவே. வெல்லத்தை உருக்கி வேறு அச்சில் ஊற்றுவது போன்ற வேலை. இதற்கு இயந்திர மறுசுழற்சி என்று பெயர். சுத்தமான, ஒரே ரகமான பிளாஸ்டிக் கையில் இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி வேறு இல்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேல்சட்டை பழைய பாட்டில்களிலிருந்து ஆனது என்று செய்தி வந்தது நினைவிருக்கும். அந்தத் துணி கரூரில் உள்ள நிறுவனம் ஒன்று கொடுத்தது. பாட்டிலை உருக்கி இழையாக இழுத்து நெய்யும் இந்தத் தொழிலில் கொங்குப் பகுதிக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு.

ஆனால் வெல்லத்தைப் போல பிளாஸ்டிக்கைத் திரும்பத் திரும்ப உருக்க முடியாது. பெட்டை உருக்க 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துளி ஈரம் இருந்தாலும் அது சங்கிலிகளை அங்கங்கே அறுத்துவிடும். அதனால்தான் சீவல்களை உருக்கும் முன் மணிக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அப்படியும் ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலி கொஞ்சம் குட்டையாகிறது, நிறம் கொஞ்சம் மஞ்சளிக்கிறது. பாட்டில் ஊத நீளமான சங்கிலி தேவை; இழைக்குக் குட்டைச் சங்கிலி போதும். ஆகவே பாட்டில் பெரும்பாலும் பாட்டிலாகத் திரும்புவதில்லை. இழையாகிறது, தலையணைப் பஞ்சாகிறது, டி-ஷர்ட் ஆகிறது. அந்தச் சட்டை கிழிந்த பிறகு அதற்கு அடுத்த பிறவி அநேகமாக இல்லை. சாயமும் பருத்திக் கலப்பும் தையல் நூலும் சேர்ந்த துணியை யார் உருக்கி என்ன செய்வது?

1950 முதல் 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் மொத்தம் 830 கோடி டன் என்று 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கணக்கிட்டார்கள். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

கதம்பத்தை அவிழ்ப்பது

மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுத்த சரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெட் என்பது அதுதான். டெரெப்தாலிக் அமிலம் ஒரு பூ, எத்திலீன் கிளைக்கால் இன்னொரு பூ. இரண்டையும் கட்டும் முடிச்சுக்கு எஸ்டர் பிணைப்பு என்று பெயர். ஒரு முடிச்சு விழும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் சேர்ந்தது ஒரு சரம்.

1941-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு துணி அச்சுத் தொழில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் விண்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இந்தச் சரத்தை முதன்முதலில் தொடுத்தார்கள். அவர்கள் தேடியது இழை. டெரிலின் என்ற பெயரில் நம் தாத்தாக்களின் சட்டைக்கு வந்தது. பாட்டிலாக ஊதும் காப்புரிமையை 1973-இல் வாங்கியவர் டூபாண்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியேல் வையத். ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன் அவர். நம் அலமாரியில் தொங்கும் பாலியெஸ்டர் புடவையும் குளிர்பான பாட்டிலும் ஒரே பொருள் என்பதைப் பலர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

முடிச்சு போடும்போது தண்ணீர் வெளியே போனது என்றால், தண்ணீரைத் திரும்பத் திணித்தால் முடிச்சு அவிழ வேண்டும். அவிழ்கிறது. வேதியியல் மறுசுழற்சியின் மிக நேர்மையான வடிவம் இதுதான்: சரத்தை அறுக்காமல், உருக்காமல், பூக்களைப் பூக்களாகவே திரும்ப எடுப்பது. அந்தப் பூக்களுக்குத் தாங்கள் பழையவை என்ற நினைவு இருக்காது. சாயம் போய்விடும், மஞ்சள் போய்விடும், குட்டைச் சங்கிலிப் பிரச்சினையும் போய்விடும். அவற்றிலிருந்து தொடுக்கும் புதுச்சரத்துக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்த புதுச்சரத்துக்கும் வித்தியாசம் இல்லை.

நான் எம்.எஸ்சி. படித்த காலத்தில் இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தேன். பச்சை நிற பாட்டில் ஒன்றைச் சிறு துண்டுகளாக வெட்டி, காஸ்டிக் சோடா கரைத்த ஆல்கஹாலில் போட்டுச் சூடாக்கினோம். முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துண்டுகளின் ஓரம் மங்கத் தொடங்கியது, மெலிந்தது, மாலைக்குள் காணாமல் போய்விட்டது. அடியில் சேர்ந்திருந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, சாயத்தை வடிகட்டி எடுத்துவிட்டு, அந்தத் தெளிந்த நீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பால் திரிவது போல வெள்ளை வெளேரென்று ஒரு பொருள் குபுகுபுவென இறங்கியது. அதுதான் டெரெப்தாலிக் அமிலம். காலையில் குப்பைக்கூடையில் கிடந்தது, மாலையில் வடிதாளில் மாவு போலக் கிடந்தது. அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தின் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அது ஏன் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை என்பதற்கான விடையும் அந்தக் குடுவையிலேயே இருந்தது. காஸ்டிக் சோடாவும் அமிலமும் சேர்ந்தால் உப்பு. கிலோக்கணக்கில் செய்தால் கிலோக்கணக்கில் உப்புநீர். சாயக்கழிவின் உப்புநீர் நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதனால் பெரிய ஆலைகள் தண்ணீருக்குப் பதில் வேறு சாவிகளைப் பயன்படுத்துகின்றன. ஒன்று, எத்திலீன் கிளைக்காலையே ஊற்றி 200 டிகிரி சூட்டில் சமைப்பது. சரம் சிறு சிறு துண்டுகளாகி, ஆறவைத்தால் வெள்ளைப் படிகமாக உறையும். இன்னொன்று மெத்தனால். இதில் கிடைக்கும் பொருளை ஆவியாக்கிக் காய்ச்சி வடிக்கலாம் என்பது பெரிய வசதி. அழுக்கான சரக்கு உள்ளே போனாலும் சுத்தமாக வெளியே வரும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்போர்ட் என்ற ஊரில் ஈஸ்ட்மன் நிறுவனம் 2024-இல் ஓட்டத் தொடங்கிய ஆலை இந்த வகை. ஆண்டுக்கு 1,10,000 டன் பாலியெஸ்டர் கழிவை எடுத்துக்கொள்ளும் அளவில் கட்டப்பட்டது. உருக்கி மறுசுழற்சி செய்ய முடியாத நிறப் பிளாஸ்டிக், தரைவிரிப்பு போன்றவற்றைக் கையாள்வதே அதன் நோக்கம். அதுதான் சரியான நோக்கமும்கூட. தெளிவான, சுத்தமான பாட்டிலை இப்படிப்பட்ட ஆலைக்கு அனுப்புவது, நல்ல சேலையைக் கிழித்துத் திரிநூலாக்குவதற்குச் சமம்.

இலைக்குப்பையில் கிடைத்த கத்தரி

முடிச்சை அவிழ்க்கச் சூடும் அழுத்தமும்தான் வேண்டுமா? 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு பதில் சொன்னார்கள். ஒசாகாவுக்கு அருகில் சகாய் என்ற ஊரில் பாட்டில் மறுசுழற்சி நிலையத்தைச் சுற்றி எடுத்த மண்ணிலும் கழிவிலும் ஒரு பாக்டீரியா இருந்தது. பெட் பிளாஸ்டிக்கையே உணவாகக் கொண்டு வாழ்ந்தது. ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: இடியோனெல்லா சகாயென்சிஸ். அது சுரக்கும் நொதி 30 டிகிரி சூட்டிலேயே சரத்தின் முடிச்சைக் கடித்து அவிழ்க்கிறது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் கட்டை விரல் நகம் அளவு மெல்லிய படலத்தைத் தின்ன அதற்கு வாரக்கணக்கில் ஆனது. அந்த வேகத்தில் ஆலை நடத்த முடியாது.

வேகம் வேறு இடத்திலிருந்து வந்தது. அதே ஒசாகாப் பகுதியில், மக்கிய இலைக்குப்பையிலிருந்து 2012-இல் ஒரு நொதி கண்டறியப்பட்டிருந்தது. இலையின் மேல்தோலில் கியூட்டின் என்ற ஒரு பாதுகாப்புப் படலம் உண்டு. நீர் வீணாக வெளியேறாமல் காப்பது அது. அதுவும் எஸ்டர் முடிச்சுகளால் ஆன பொருள்தான். இயற்கை செய்த பாலியெஸ்டர் என்றே சொல்லலாம். விழுந்த இலையை மண்ணாக்க நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டி வைத்த கத்தரி, மனிதன் 1941-இல் போட்ட முடிச்சுக்கும் பொருந்திவிட்டது. வேதியியலில் என்னை இன்றும் நெகிழவைக்கும் விஷயங்களில் இது ஒன்று.

பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் சேர்ந்து அந்த நொதியைத் திருத்தினார்கள். 72 டிகிரி சூட்டில், 10 மணி நேரத்தில், பெட்டின் 90 சதவீதத்தை அது அவிழ்த்துவிடுகிறது என்று 2020-இல் வெளியிட்டார்கள். ஏன் 72 டிகிரி? அந்த அளவில்தான் விறைத்துக் கிடக்கும் சங்கிலிகள் தளர்ந்து அசையத் தொடங்குகின்றன. விறைத்த சரத்தில் கத்தரி நுழையாது. பாட்டிலில் சங்கிலிகள் ஒரு பகுதி படிகமாக இறுக அடுக்கப்பட்டிருக்கும். அதைக் குலைக்க முதலில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, மாவாக அரைக்க வேண்டும். அதற்கு மின்சாரம். நொதி வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும். அதைச் சமன் செய்யக் காஸ்டிக் சோடா. மறுபடியும் உப்பு. என் கல்லூரிக் குடுவையில் பார்த்த அதே பிரச்சினை இங்கேயும் வந்து நிற்கிறது. தீர்க்கவே முடியாதது என்று சொல்லவில்லை. நொதி என்றதும் எல்லாம் இலவசமாக நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தங்கூசி

நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் கண்ணாடி போன்ற ஒற்றை நரம்பு பெரும்பாலும் நைலான் 6. கிழிந்த தங்கூசி வலை கடலில் விடுபட்டால் ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமையும் கடல்பசுவும் அதில் சிக்கிச் சாகும். இந்த நைலானிலும் முடிச்சு இருக்கிறது. இங்கே அதன் பெயர் அமைடு. இதில் ஒரே வகைப் பூதான், கேப்ரோலாக்டம் என்று பெயர். சூடான நீராவியும் வினையூக்கியும் சேர்ந்தால் முடிச்சு அவிழ்ந்து பூ திரும்பி வரும்.

இதை ஆய்வகத்தைத் தாண்டித் தொழிலாகவே செய்கிறார்கள். ஸ்லோவேனியாவின் லூப்லியானா நகரில் இத்தாலிய அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் மீன்வலைகளையும் பழைய தரைவிரிப்புகளையும் கேப்ரோலாக்டமாக்கி, புது நைலான் நூலாக விற்கிறது. நீச்சலுடைகளில் அந்த நூலைப் பார்க்கலாம்.

ஆனால் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தரைவிரிப்பு நைலானை இதே போல அவிழ்க்கும் ஆலை 1999-இல் அங்கே திறக்கப்பட்டது. வேதியியல் சரியாகவே வேலை செய்தது. எண்ணெயிலிருந்து வரும் புது கேப்ரோலாக்டத்தின் விலை விழுந்ததும் 2001-இல் ஆலை மூடப்பட்டது. வேறு நிறுவனம் வாங்கி 2007-இல் மறுபடி ஓட்டியது. இந்தத் துறையில் தோற்றவற்றின் வரலாற்றைப் புரட்டினால் குடுவைக்குள் நடந்த தோல்வி குறைவு. சந்தையில் நடந்த தோல்வி அதிகம். 2000-களில் ஜப்பானில் பாட்டிலை அவிழ்த்துப் பாட்டிலாக்கும் ஆலைகள் கட்டப்பட்டபோது, பழைய பாட்டில்கள் நல்ல விலைக்குச் சீனாவுக்குக் கப்பலேறிவிட்டன. ஆலைக்குத் தீனி கிடைக்கவில்லை.

முடிச்சு இல்லாதவை

இப்போது தொட்டியில் மிதக்கும் பகுதிக்கு வருவோம். பால் பாக்கெட், கேரி பேக், எண்ணெய் டப்பா, மூடி, அரிசி மூட்டை எல்லாம் பாலியெத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். உலக பிளாஸ்டிக் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டும்தான். இவற்றின் முதுகெலும்பு முழுக்கக் கார்பனோடு கார்பன் இணைந்தது. தொடுத்த சரம் என்று சொல்ல முடியாது, இழுத்த கம்பி. அவிழ்க்க முடிச்சு இல்லை. முறிக்கத்தான் முடியும். எந்த இடத்தில் முறியும் என்பது நம் கையில் இல்லை.

முறிக்கும் வழிக்குப் பைராலிசிஸ் என்று பெயர். காற்றில்லாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் கம்பி கண்டபடி முறிந்து வாயு, எண்ணெய், மெழுகு, கரி எல்லாம் கலந்து வரும். அந்த எண்ணெயைப் பெட்ரோலிய ஆலையின் உலையில் போட்டு மறுபடி எத்திலீனாக்கி, அதிலிருந்து புது பிளாஸ்டிக் செய்யலாம் என்பதுதான் வாக்குறுதி. நடைமுறையில் கலவைக் குப்பையிலிருந்து வரும் எண்ணெய் சுத்தமாக இருக்காது. ஒரு துண்டு பி.வி.சி. சேர்ந்தாலே ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிக் குழாய்களை அரிக்கும். அதனால் இந்த எண்ணெயைச் சுத்திகரிக்கவோ, பெட்ரோலியத்திலிருந்து வரும் நாப்தா என்ற புது எண்ணெயோடு பெருமளவில் கலந்து நீர்க்கச் செய்யவோ வேண்டியிருக்கிறது.

அங்கேதான் கணக்கில் ஒரு வேலை நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பெரிய டாங்கரில் ஒருவர் பத்து லிட்டர் நாட்டுமாட்டுப் பால் ஊற்றுகிறார், மற்றவர்கள் ஆயிரக்கணக்கான லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். எல்லாம் கலந்த பிறகு, ஊற்றிய பத்து லிட்டருக்கு ஈடாக எந்தப் பத்துப் பாக்கெட்டிலும் 'முழுக்க நாட்டுமாட்டுப் பால்' என்று அச்சடிக்கலாம் என்றால் எப்படி இருக்கும்? நிறைச்சமன் கணக்கு என்ற பெயரில் பிளாஸ்டிக் தொழிலில் நடப்பது ஏறத்தாழ இதுதான். பாலில் கிடைக்காத சலுகை சில விதிகளின்படி இங்கே இன்னும் கொஞ்சம் உண்டு: எண்ணெயாகவோ வேறு பொருளாகவோ போன பங்கையும் பிளாஸ்டிக்கின் பெயரில் எழுதிக்கொள்ளலாம். இந்த முறை முற்றிலும் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரே குழாயில் ஓடும் பொருட்களுக்கு ஏதோ ஒரு கணக்கு வேண்டும்தான். ஆனால் பாக்கெட்டின் மேல் எழுதியதைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பது பழைய பிளாஸ்டிக் என்று நம்பும் மக்களுக்கு அது செய்யும் அநியாயம் கண்கூடு.

அமெரிக்க அரசின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2023-இல் வெளியிட்ட ஒப்பீடு, பிளாஸ்டிக்கை மறுபடி பிளாஸ்டிக்காக்கும் வழி என்று பார்த்தால், பைராலிசிஸின் செலவும் சூழல் பாதிப்பும் புது பிளாஸ்டிக் செய்வதைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்றது. 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் எக்ஸான்மொபில் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 'மேம்பட்ட மறுசுழற்சி' என்று அது அழைக்கும் இந்த முறையில் நுழையும் கழிவில் 92 சதவீதம் மறுசுழற்சி பிளாஸ்டிக்காகாமல் பெரும்பாலும் எரிபொருளாகிறது என்று குற்றம்சாட்டினார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. எரிபொருளானால் அது எரியும். எரிந்தது மறுசுழற்சி ஆகாது. நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன: பிளாஸ்டிக்கை எண்ணெயாக்குவதை மறுசுழற்சி என்று அவை எண்ணவில்லை. சாலை போடுவது, சிமென்ட் சூளையில் எரிப்பது ஆகியவற்றோடு சேர்த்து, மறுசுழற்சிக்கு வழியில்லாத பிளாஸ்டிக்கின் இறுதி அகற்றல் என்ற வரிசையில் வைத்திருக்கின்றன. நல்ல விதி அது, நீர்த்துப்போகாமல் காக்க வேண்டிய விதி.

கலவைக் குப்பையை என்னதான் செய்வது என்று கேட்டால், ஜப்பானின் கவாசாகியில் நடப்பதைச் சொல்லலாம். ஷோவா டென்கோ என்று முன்பு அழைக்கப்பட்ட ரெசோனாக் நிறுவனம் 2003 முதல் அங்கே கலப்பு பிளாஸ்டிக்கை வாயுவாக்கி, ஹைட்ரஜன் எடுத்து, அமோனியா செய்கிறது. உடன் வரும் கார்பன் டை ஆக்சைடு உலர்பனியாக விற்பனையாகிறது. பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிளாஸ்டிக்காக்குவதாக அங்கே யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது.

சோப்பும் மாத்திரையும்

மிதக்கும் பிளாஸ்டிக்கை அவிழ்க்க முடியாவிட்டாலும், முறியும் நீளத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்த முடிந்தால், கிடைப்பது எண்ணெயைவிட விலை கூடிய பொருளாக இருக்கலாம். கடந்த சில ஆண்டுகளில் வேதியியலாளர்களின் கவனம் இங்கே திரும்பியிருக்கிறது. பாலியெத்திலீன் சங்கிலியின் ஒரு துண்டையும் தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள். இரண்டும் கார்பன் வரிசைதான். கொழுப்பு அமிலத்தின் தலையில் மட்டும் ஓர் ஆக்சிஜன் குழு உட்கார்ந்திருக்கும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் லியூ குழு 2023-இல் செய்தது இதுதான். கீழே சூடும் மேலே குளிர்ச்சியுமாக உள்ள கலனில் பிளாஸ்டிக்கை முறித்து, ஆவி அளவுக்கு மீறிச் சிறிதாகும் முன் மெழுகாக உறையவைத்து, அந்த மெழுகை ஆக்சிஜனோடு சேர்த்துக் கொழுப்பு அமிலமாக்கி, காரம் சேர்த்துச் சோப்பு செய்தார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சூசன்னா ஸ்காட் குழு 2020-இல் பிளாட்டினம் வினையூக்கியைக் கொண்டு 280 டிகிரியில், கரைப்பான் இல்லாமல், பாலியெத்திலீனை சலவைப்பொருளுக்கு மூலமான அரோமாட்டிக் சேர்மங்களாக மாற்றியிருந்தது.

முடிச்சு உள்ள பெட்டில் இன்னும் நுட்பமான வேலைகள் நடக்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாலஸ் குழு 2021-இல் டெரெப்தாலிக் அமிலத்தை ஈகோலை பாக்டீரியாவிடம் கொடுத்து வெண்ணிலா மணம் தரும் வனிலினாக மாற்றியது. 2025-இல் அதே குழு பெட்டிலிருந்து வந்த மூலக்கூறைப் பாராசிட்டமால் ஆக்கியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அதே ஆண்டு பெட்டைக் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் பொருளாக்கியது.

காய்ச்சல் மாத்திரை பாட்டிலிலிருந்து வருகிறது என்பது அழகான செய்தி. அதன் அளவையும் பார்க்க வேண்டும். உலகம் விழுங்கும் பாராசிட்டமால் லட்சம் டன் கணக்கு. உலகம் செய்யும் பெட் கோடி டன் கணக்கு. மாத்திரை முழுவதையும் பாட்டிலிலிருந்தே செய்தாலும் குப்பைமேடு ஓர் அங்குலம்கூட இறங்காது. மதிப்பு கூடக் கூடச் சந்தை சுருங்கும், சந்தை விரிய விரிய மதிப்பு குறையும். பாட்டில் பாட்டிலாக, நூல் நூலாகத் திரும்பும் வழிதான் அளவில் ஈடுகொடுக்கக் கூடியது. அதனால்தான் நான் மாத்திரையைவிட நூலைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

பனியன் வேஸ்ட்

உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர். பழைய ஆடையிலிருந்து புது ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 2017-இல் எலன் மெக்கார்தர் அறக்கட்டளை சொன்னது. திருப்பூரில் கட்டிங் மேசையிலிருந்து விழும் பனியன் வேஸ்ட்டில் சுத்தப் பருத்திக்கு உடனே ஆள் உண்டு. பிரித்து, நிறம் பார்த்து, மறுபடி நூலாக்கும் மில்களுக்குப் போய்விடும். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணிக்கு அந்த மரியாதை கிடையாது. லைக்ரா சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். துடைக்கும் துணியாகவோ அடுப்பெரிக்கவோதான் போகிறது.

உருக்கினால் பருத்தி கருகும். இயந்திரத்தில் கிழித்தால் லைக்ரா ரப்பராக இழுத்துச் சிக்கும். ஆனால் எஸ்டர் முடிச்சை மட்டும் அவிழ்க்கும் திரவத்தில் போட்டால் பாலியெஸ்டர் கரைந்து வெளியே வரும், பருத்தி துணியாகவே மிஞ்சும். 2024-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகக் குழு எத்திலீன் கிளைக்காலும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்து மைக்ரோவேவ் சூட்டில் கலப்புத் துணியை வைத்தது. 15 நிமிடத்தில் பாலியெஸ்டரும் லைக்ராவும் அவற்றின் மூலப்பொருட்களாக அவிழ்ந்தன. பருத்தியும் நைலானும் அப்படியே நின்றன. ஆய்வகத்தில் சில கிராம் அளவில் நடந்தது அது.

கிராமிலிருந்து டன்னுக்குப் போக வேண்டும் என்றால் வேதியியலுக்கு முன்பே நடக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எந்த வேஸ்ட்டில் எத்தனை சதவீதம் பாலியெஸ்டர் என்று மூட்டையின் மேல் எழுதப்பட வேண்டும். கட்டிங் செய்யும் இடத்தில் அது தெரியும், மூட்டை கட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. லைக்ரா சேர்ந்ததைத் தனியே வைக்க வேண்டும். பிரிப்பவருக்கு அதற்கான கூலி வேண்டும். திருப்பூர் அக்காவிடம் கிளம்பும் முன் கலப்புத் துணியையும் கையால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு துண்டை எடுத்து இரு பக்கமும் இழுத்துவிட்டார். துணி சுருங்கித் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

"இது லைக்ராங்க. இதுக்குத் தனி விலை போட்டாங்கன்னா நாங்க தனியா வெக்க மாட்டமுங்களா?"